நாக்கடி மாத்திரை யாருக்கு எட்டுகிறது?

(ஆவடி முத்தாபுதுப்பேட்டையில் குடியிருப்போர் முன் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



போதை ஒழிப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். போதை ஒழிப்பு என்றால் பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்து ஊர்வலம் போவார்கள், அதிகாரிகள் உறுதிமொழி வாசிப்பார்கள். நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவனுக்கு அந்த ஊர்வலத்தால் என்ன கிடைக்கிறது? அவனுக்கென்று ஒரு மருந்து இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் நாட்டிலேயே தயாராகிறது. விலையும் கூடுதல் இல்லை. இருந்தும் நம் தெருப் பையனுக்கு அது எட்டுவதில்லை. ஏன் எட்டவில்லை என்பதை மட்டும்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில், எந்தப் போதை என்று சொல்லிவிடுகிறேன். சாராயமும் கஞ்சாவும் வேறு கதை. நான் சொல்வது அபின் குடும்பத்துப் போதை. மருத்துவர்கள் ஓபியாய்டு என்பார்கள். அபின், ஹெராயின், பிரவுன் சுகர் எல்லாம் இதில் அடக்கம். மருந்துக்கடையில் கடும் வலிக்குக் கொடுக்கும் டிரமடால், டேபென்டடால் மாத்திரைகளும் இதே குடும்பம்தான். டிரமடாலை 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். இன்று சென்னையிலும் புறநகரிலும் ‘வலி நிவாரணி மாத்திரை பறிமுதல்’ என்று செய்தி வந்தால் அதில் அடிக்கடி தென்படும் பெயர் டேபென்டடால். விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையைப் பையன்கள் பொடித்து, தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றுகிறார்கள். மாத்திரையில் மருந்தோடு மாவுப்பொருளும் இருக்கும். அது சரியாகக் கரையாது. ரத்தக் குழாயில் போய் அடைக்கும், ஊசி குத்திய இடம் சீழ் பிடிக்கும். மூச்சு நின்று அங்கேயே செத்துப்போனவர்களைப் பற்றியும் நாம் படித்திருக்கிறோம்.

தினமும் இதை ஏற்றிக்கொள்கிற உடம்பு சில வாரங்களில் மாறிவிடுகிறது. அப்புறம் அவன் ஏற்றிக்கொள்வது சுகத்துக்காக இல்லை. ஏற்றிக்கொள்ளாவிட்டால் வருகிற அவஸ்தைக்குப் பயந்துதான் ஏற்றிக்கொள்கிறான். அரை நாள் தாண்டினால் கண்ணும் மூக்கும் ஒழுகும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும், மயிர்க்கூச்செறியும், வயிறு போகும், கால் எலும்புக்குள் யாரோ முறுக்குவது போல் வலிக்கும், இரவெல்லாம் தூக்கம் இருக்காது. திருட்டு, பொய், வீட்டுப் பாத்திரத்தை அடகு வைப்பது எல்லாம் பெரும்பாலும் இந்த வலி தொடங்கும் நேரத்தில்தான் நடக்கின்றன. பெற்ற தாய்க்கு அது திமிராகத் தெரிகிறது. பிள்ளை படும் வேதனை அவள் கண்ணில் படுவதில்லை.

இதற்கான மருந்தின் பெயர் புப்ரெனார்ஃபின். இதுவும் அதே குடும்பத்து மருந்துதான், மறைக்க வேண்டியதில்லை. மூளையில் ஹெராயின் போய் உட்காரும் அதே இடத்தில் இதுவும் போய் உட்காரும். ஆனால் பாதி வேலைதான் செய்யும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் அதன் விளைவு ஏறாது. அதனால் மற்ற ஓபியாய்டுகளைப் போல மூச்சை எளிதில் நிறுத்தாது. ஒரு நாளைக்கு மேல் உடம்பில் தங்கும். வலி வராது, கிறக்கமும் இருக்காது. ஆள் எழுந்து வேலைக்குப் போகலாம்.

கொடுக்கும் முறையைச் சொல்கிறேன், பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். செவிலியர் பதிவேட்டில் பெயரைப் பார்த்து, இரண்டு மில்லிகிராம் மாத்திரைகளை எண்ணி எடுத்துப் பொடிப்பார். முழுசாகக் கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கி வெளியே கொண்டுபோய்விடுவார்கள் என்பதால் இந்தப் பொடிக்கும் வழக்கம். அந்தப் பொடியை நாக்குக்கு அடியில் போடுவார்கள். விழுங்கக் கூடாது, விழுங்கினால் பெரும்பகுதி வீண். வாயில் எச்சில் ஊறும், கசக்கும், பேச முடியாது. சில நிமிடங்கள் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு செவிலியர் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார். கரைந்திருந்தால் கையெழுத்து. இவ்வளவுதான் சிகிச்சை. படுக்கை வேண்டாம், சொட்டு மருந்து வேண்டாம். இதைத் தொடர்ந்து எடுத்துக்கொள்பவர்களிடையே இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நமக்குத் தெரிந்த எத்தனை மருந்துகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

நான் அரசு மருத்துவமனையில் பணிபுரிந்த காலத்தில் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். பெயிண்டர். மருந்து ஆரம்பித்த முதல் வாரத்திலேயே முகம் தெளிந்துவிட்டது. அவனுடைய காலை நேரத்தைக் கேளுங்கள். இங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஆவடி ஸ்டேஷன், அங்கிருந்து மின்சார ரயிலில் நகரம், இறங்கி ஒரு பஸ். சிகிச்சைப் பிரிவு திறப்பது ஒன்பது மணிக்கு. வரிசை, பொடி, பெஞ்சு, கையெழுத்து. வெளியே வரும்போது பத்தரை தாண்டிவிடும். பெயிண்ட் வேலைக்கு மேஸ்திரி ஆள் எடுப்பது காலை ஏழரைக்கு. மருந்துக்குப் போனால் அன்றைய கூலி கிடையாது, கூலிக்குப் போனால் அன்று மருந்து கிடையாது. இரண்டில் எதை விடுவான்? ‘டாக்டர், ஞாயித்துக்கிழமை ஒரே நாளில் வாரத்துக்கும் சேத்துக் குடுத்துட மாட்டீங்களா?’ என்று கேட்டான். விதியில் இடமில்லை என்று சொன்னோம். பிறகு அவன் வரவில்லை. அவன் மருந்தை மறுத்தான் என்று பதிவேட்டில் எழுதினார்கள். அந்த வார்த்தையை நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.

இதே நோய் வேறொரு வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் என்ன ஆகும்? அப்பாவுக்கு ஆவடி கனரக வாகன ஆலையான எச்.வி.எஃப்.-இல் நிரந்தர வேலை என்றால் ஆலை மருத்துவமனை இருக்கிறது, பரிந்துரைக் கடிதம் இருக்கிறது, மருத்துவ விடுப்பு இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கும் போய் நிற்க ஒரு வாசல் உண்டு. கையில் பணம் இருந்தால் தனியார் மனநல மருத்துவமனையில் சேர்ந்துகொள்ளலாம், அங்கே யாரும் அவனை அதட்டமாட்டார்கள். ஒப்பந்தக் கூலியாகப் போகிறவன், லோடு ஏற்றுகிறவன், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவன் ஆகியோருக்கு மிஞ்சுவது காவல் நிலையமும், கெட்டுப்போனவன் என்ற பெயரும்தான். நோய் ஒன்று, மருந்து ஒன்று. அப்பனுடைய சம்பளச் சீட்டுதான் வேறு.

சென்னைக்கு இது புதிய நோயும் இல்லை. 1980-களில் பிரவுன் சுகர் மதராஸ் தெருக்களில் இறங்கியது. 90-களில் பலர் புகைப்பதை விட்டு ஊசிக்கு மாறினார்கள். அப்போது அவர்கள் ஏற்றிக்கொண்டதில் முக்கியமானது எது தெரியுமா? இதே புப்ரெனார்ஃபின், ஊசி மருந்து வடிவத்தில். அலர்ஜி மருந்தையும் தூக்க மருந்தையும் அதோடு கலந்து ஏற்றினார்கள். ஒரே ஊசி பல கை மாறியது. 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை மதராஸ் மருத்துவக் கல்லூரியில் கண்டறிந்தவர் டாக்டர் சுனிதி சாலமன். அவர் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2005-க்கும் 2008-க்கும் இடையில், சென்னையில் ஊசி மூலம் போதை ஏற்றிக்கொண்ட 1,158 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அந்தக் காலத்துக்குள் 85 பேர் இறந்துபோனார்கள். எய்ட்ஸால் இறந்தவர்கள் 14 பேர், போதை அளவு மீறியதால் இறந்தவர்கள் 22 பேர். எல்லோரும் எய்ட்ஸைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தபோது அதைவிட அதிகமாகக் கொன்றது ஓவர்டோஸ்.

எச்.ஐ.வி. பயத்தால்தான் அரசு இந்த மருந்தைக் கையில் எடுத்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மூன்றாம் கட்டத் திட்டம் 2007-இல் தொடங்கியபோது நாக்கடி மாத்திரைச் சிகிச்சையும் அதில் சேர்ந்தது. அதே வகையில் இன்னொரு மருந்தான மெத்தடோன் 2012-இல் சில இடங்களில் வந்தது. அந்தத் திட்டம் பல உயிர்களைக் காப்பாற்றியது, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அதன் அடித்தளத்திலேயே ஒரு கோணல் இருந்தது. எய்ட்ஸைத் தடுப்பதற்காக வந்த திட்டம் என்பதால் அதன் வாசல் ஊசி போடுகிறவனுக்கென்றே அமைந்தது. மாத்திரையை விழுங்குகிறவன், புகைக்கிறவன் வந்தால் அவன் அந்தக் கணக்கில் வரமாட்டான். ஊசிக்கு மாறும்வரை காத்திருந்து பிறகு வா என்று சொல்வதுபோல் ஆகிவிடுகிறது.

அடுத்த கோணல், இந்த ஒரு நோய்க்கு டெல்லியில் இருக்கும் அமைச்சகங்களின் எண்ணிக்கை. எய்ட்ஸ் அமைப்பும் மருத்துவமனைகளில் உள்ள போதை சிகிச்சைப் பிரிவுகளும் சுகாதார அமைச்சகத்திடம். தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு மையங்கள் நாடு முழுக்க முந்நூற்றுக்கும் மேல், அவை சமூக நீதி அமைச்சகத்தின் மானியத்தில் நடக்கின்றன. சட்டம் நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறையிடம். பிடிப்பது உள்துறை. மருந்து ஓரிடம், படுக்கை ஓரிடம், கைவிலங்கு ஓரிடம். புப்ரெனார்ஃபின் நாக்கடி மாத்திரை சாதாரண மருந்துக்கடைக்கு வராது, போதை மீட்பு மையங்களுக்கு மட்டுமே வழங்க வேண்டும் என்பது விதி. அப்படியென்றால் அந்த மையங்கள் ஊருக்கு ஊர் இருக்க வேண்டாமா? டேபென்டடால் மட்டும் தெருமுனைக்கு வந்துவிடுகிறது. போதை, நடந்துபோய் வாங்கும் தூரத்தில்; மருந்து ரயில் ஏறிப் போகும் தூரத்தில்.

2019-இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பு இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் நடத்தியது. ஓபியாய்டு பயன்படுத்துவோர் நாட்டில் 2.26 கோடிப் பேர் என்றது. உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் மட்டும் அறுபது லட்சத்துக்குக் குறையாது. மையங்களில் தினம் மாத்திரை எடுத்துக்கொள்பவர்களை இந்த எண்ணோடு ஒப்பிட்டால் வாய்விட்டு அழத்தான் தோன்றும்.

மருந்து எட்டாத குடும்பம் என்ன செய்கிறது? கடன் வாங்கி, பையனை ஏதோ ஒரு ‘மறுவாழ்வு இல்ல’த்தில் அடைக்கிறது. நல்ல இல்லங்கள் உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. நிறுவனம் நாட்டுக்கே வழிகாட்டியது. ஆனால் உரிமம் இல்லாமல், மருத்துவர் இல்லாமல், தடியும் பூட்டும் மட்டும் வைத்து நடத்தப்படும் இடங்களும் இருக்கின்றன. 2022-இல் இராயப்பேட்டையில் அப்படி ஒரு தனியார் மையத்தில் சேர்க்கப்பட்டவர் அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்குப் பதிவானது.

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். அடி உதை இல்லாத நல்ல இடமாகவே இருந்தாலும், ஓபியாய்டு பழக்கம் உள்ளவனை மாற்று மருந்தே இல்லாமல் ஒரு மாதம் அடைத்துவைத்து அனுப்புவது ஆபத்து. அந்த ஒரு மாதத்தில் அவன் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். ஆசை மட்டும் அப்படியே இருக்கும். வெளியே வந்து பழைய நண்பனோடு பழைய அளவை ஏற்றிக்கொண்டால் மூச்சு நிற்கும். சிறையிலிருந்து வெளியே வரும் முதல் சில வாரங்களும் இப்படித்தான். ‘பையன் திருந்தி வந்துட்டான்’ என்று வீட்டில் பாயசம் வைக்கிற வாரம்தான் மிக அபாயமான வாரம். புழல் சிறை நமக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் இதைச் சொல்கிறேன்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பழக்கத்தில் அவர்கள் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் ஆண்கள் நிற்கும் அந்த வரிசையில் தினமும் வந்து நிற்க எந்தப் பெண் துணிவாள்? குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் வேறு.

சரி, எதிர்வாதத்துக்கு வருகிறேன். ‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?’ என்று கேட்பவர்கள் இங்கேயும் இருப்பார்கள். உங்களில் எத்தனை பேர் சர்க்கரை மாத்திரையை வருடக்கணக்கில் போடுகிறீர்கள்? யாரும் உங்களை மாத்திரைக்கு அடிமை என்று சொல்வதில்லை. மாத்திரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறவனை அடிமை என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்குச் சில மாதங்கள், பலருக்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்படலாம். எப்போது குறைப்பது என்பதை அவனும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும், அக்கம்பக்கத்தார் முடிவு செய்யக் கூடாது.

‘கையில் கொடுத்தால் வெளியே விற்றுவிடுவான்’ என்பது அடுத்த வாதம். இது வெறும் பயம் என்று தள்ளமாட்டேன். 90-களின் சென்னையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானது. அதற்குத்தான் ஓபியாய்டுக்கு முறிமருந்தான நலாக்ஸோன் கலந்த மாத்திரை இருக்கிறது. நாக்கடியில் வைத்தால் நலாக்ஸோன் பெரிதாக வேலை செய்யாது. கரைத்து ஊசியில் ஏற்றினால் கிறக்கத்தைத் தடுத்து, ஓபியாய்டில் ஊறிய உடம்பில் அந்த வலியையே வரவழைக்கும். பஞ்சாப் 2017 அக்டோபரில் இந்தக் கலவை மாத்திரையோடு புறநோயாளி மையங்களைத் திறந்தது. இன்று அங்கே அரசு மையங்களே ஐந்நூறுக்கு மேல். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது இரண்டு வார மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். கசிவு இருந்தது, தனியார் மையங்களின் கொள்ளையும் இருந்தது, அவற்றைச் சரிசெய்யச் சண்டையும் நடக்கிறது. ஆனாலும் அங்கே ஒரு விவசாயக் கூலிக்கு மருந்து பக்கத்தில் கிடைக்கிறது. பானையில் ஓட்டை இருந்தால் அடைக்கலாம், அடுப்பையே அணைத்துவிட்டால் சாப்பிடுவது யார்?

பிரான்சில் 1995-லிருந்து சாதாரண பொது மருத்துவரே இதை எழுதிக்கொடுக்க விட்டார்கள். 1999-க்குள் ஓவர்டோஸ் சாவு ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. அமெரிக்கா வேறு பாதையில் போனது. அங்கே புப்ரெனார்ஃபின் 2002-இல் வந்தது. அதை எழுத மருத்துவருக்குத் தனி அனுமதி வேண்டும் என்ற விதி 2022 டிசம்பர் வரை நீடித்தது. காப்பீடும் காசும் உள்ள வெள்ளையர்கள் மருத்துவரின் அறையில் அமைதியாக அதை வாங்கிப் போனார்கள். ஏழைக் கறுப்பின மக்கள் விடியற்காலையில் மெத்தடோன் மையத்தின் வரிசையில் நின்றார்கள். அவ்வளவு பணக்கார நாட்டிலும் மருந்து சாதி பார்த்துத்தான் போயிருக்கிறது.

ஆனால் வெளிநாட்டு உதாரணம் நமக்கு எதற்கு? நம் சென்னையே உலகத்துக்கு ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மதராஸ் அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து அமைத்தது. அப்போது காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல காற்றும் பாலும் முட்டையும் வேண்டும் என்று மருத்துவ உலகம் நம்பியது. குடிசைக்காரனை நம்பி மாத்திரையைக் கொடுத்தால் ஒழுங்காகப் போடமாட்டான், வீட்டில் எல்லோருக்கும் பரப்பிவிடுவான் என்றார்கள். டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு, நகரத்து ஏழை நோயாளிகளை, இருநூறுக்குச் சற்றுக் குறைவான பேரை, இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்துக்கு. மறு பாதி தங்கள் குடிசையிலேயே, அரைவயிறும் நெரிசலுமாக, வேலைக்குப் போய்க்கொண்டே மருந்து எடுத்துக்கொண்டார்கள். ஓராண்டு முடிவில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு குணம். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்குக் கூடுதல் தொற்றும் வரவில்லை. 1959-இல் முடிவுகள் வெளியானபின் உலகெங்கும் சானடோரியங்கள் மூடத் தொடங்கின. இன்று ஆப்பிரிக்காவின் ஏதோ ஒரு கிராமத்தில் ஒருவர் வீட்டிலிருந்தே காசநோய் மருந்து எடுத்துக்கொள்கிறார் என்றால் அதில் சேத்துப்பட்டுக் குடிசைக்காரரின் பங்கு இருக்கிறது. அவர் மீது அன்று வைத்த நம்பிக்கையை அவருடைய பேரன் மீது வைக்க நமக்கு ஏன் மனம் வரவில்லை?

நம் மாநிலத்துக்கு இது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2025 பிப்ரவரியில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு, மறுவாழ்வு மையங்கள் அரசு மருத்துவமனைகளில் தொடங்கின. நல்ல தொடக்கம், மனமார வரவேற்கிறேன். அடுத்த அடி, அந்த வெளிச்சம் ஆவடியின் தெருக்களுக்கு வர வேண்டும் என்பது. 1955 ஜனவரியில் இதே ஆவடியில் நேருவும் காமராஜரும் இருந்த காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அந்த ஊர்க்காரர்கள் நாம். ஒரு மாத்திரையைச் சமமாகக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கேட்க வேண்டியதைச் சொல்கிறேன், மனுவாக எழுதி மாநகராட்சிக்கும் மாவட்டச் சுகாதார அலுவலருக்கும் கொடுங்கள். ஆவடி அரசு மருத்துவமனையில் புப்ரெனார்ஃபின் - நலாக்ஸோன் மாத்திரை தினமும் கையிருப்பில் இருக்க வேண்டும். ஊசி போடுகிறவனா, விழுங்குகிறவனா என்று பார்க்காமல் கொடுக்க வேண்டும். நிலைப்பட்டுவிட்டவருக்கு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ சேர்த்துக் கொடுக்க வேண்டும். பெண்களுக்குத் தனி நேரம் வேண்டும். மூச்சு நிற்கும் அவசரத்துக்கு நலாக்ஸோன் ஊசி ஆரம்ப சுகாதார நிலையம் வரை இருக்க வேண்டும். இன்று இரவே உதவி தேவைப்படும் வீடு இங்கே இருந்தால் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணை அழையுங்கள், கட்டணம் இல்லை. போலீஸுக்குப் பயந்து பிள்ளையை மறைத்து வைக்காதீர்கள். சிறு அளவு வழக்கில் மாட்டியவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு தரும் 64ஏ என்ற பிரிவு 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. வழக்கறிஞரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

மனுவில் இன்னும் ஒன்று மறக்காமல் எழுதுங்கள். மாத்திரை கொடுக்கும் அறை காலை ஆறு மணிக்குத் திறக்க வேண்டும். மேஸ்திரி ஆள் எடுப்பது ஏழரைக்கு.